பக்கப்பாட்டுக்கு ஓர் ஆள்

எங்கள் கல்லூரிக்கு நாட்டார் கலைகளை ஆவணப்படுத்தும் திட்டம் ஒன்று வந்தது. அதில் கடல் கடந்த கூத்து என்று ஒரு பகுதி. துறைத்தலைவருக்கு அப்போது பார்த்துச் சர்க்கரை வியாதி முற்றிவிட்டது. மட்டக்களப்பில் சண்டை நடக்கிறது என்று பேப்பரில் வந்த அன்று காலையில்தான் முற்றியது என்று ஞாபகம். அடுத்தவருக்கு மகள் கல்யாணம்; மகள் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இப்படியே படி இறங்கி இறங்கி, சாக்குச் சொல்லத் தெரியாத என்னிடம் வந்து நின்றது. டேப் ரிக்கார்டர், ஒரு பை நிறையப் பேட்டரி, ஒரு பாட்டில் நாரத்தங்காய் ஊறுகாய் சகிதம் கும்பகோணத்திலிருந்து கிளம்பினேன்.

ஊறுகாய் போய்ச் சேர்ந்தது. பேட்டரி சேரவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்கிறார்கள். பகலில் அது ராணுவத்தின் கையிலும் இரவில் இயக்கத்தின் கையிலும் இருந்தது. அங்கே போகும் வழியில் மணல் மூட்டை அடுக்கிய சோதனைச் சாவடி. பெண்களைச் சோதிக்க சாக்குத் திரை போட்ட தனிக் கொட்டகை. உள்ளே இருந்த சிப்பாய்ப் பெண் ஊறுகாயைத் திறந்து மோந்தாள், இருமினாள், அவசரமாக மூடித் திருப்பித் தந்தாள். பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் போகும் பேட்டரி பாட்டுக் கேட்க மட்டும் பயன்படாது என்பது அவர்கள் கவலை. ரிக்கார்டரைக் கொண்டுபோகலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். உள்ளே ஒன்றுமில்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிக்குப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று முதலில் நினைத்தேன். பிறகு எங்கள் துறையை நினைத்துப் பார்த்ததில் அந்தப் பெருமையும் போய்விட்டது.

வாவியைக் கடக்கும் மிதவைக்கு அங்கே பாதை என்று பெயர். இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகை பரப்பியது. அதில் ஒரு டிராக்டர், ஏழெட்டு சைக்கிள், தயிர்ச் சட்டிகள், ஆடுகள், நான். நடு வாவியில் பாதை மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் சிலரும் இறங்கினார்கள். நானும் ஆடுகளும் மேலேயே நின்றோம். "அந்த இந்தியா அம்மாவும் இறங்கினாத்தான் இது எழும்பும்" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்காது என்று நினைத்தார்கள். ஆடுகளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கரையில் மாலையோடு நின்றவர் கவிஞர் நுரைவேந்தன். வீட்டில் வைத்த பெயர் சிவலிங்கம், கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜர், ஊர்க் கலாமன்றத்துக்குச் செயலாளர். மாலை போட்ட கையோடு என்மேல் ஒரு கவிதையும் பாடினார். அதில் நான் கங்கையாகவும் காவேரியாகவும் இருந்தேன். விரிவுரையாளர் என்று கடிதம் போட்டவளை அங்கேயே பேராசிரியையாக்கினார். மண்டூர்ப் பக்கத்து அவருடைய ஊரை அடைவதற்குள் துறைத்தலைவர் ஆகிவிட்டேன். ஒரு பதவி உயர்வுக்காக ஊரில் நான் நடந்த நடை என்ன, இங்கே ஒரு மாட்டு வண்டித் தூரத்தில் எல்லாம் கிடைத்தது.

அவர் மனைவி பூரணம் கவிதை பாடுகிறவள் அல்ல. நண்டுக் குழம்பு, பிட்டு, கூனி இறால் சுண்டல், முடிவில் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிர். நம்மூரில் விருந்தாளி கூடினால் சாம்பாரில் தண்ணீர் கூடும். இங்கே சண்டைக்கு நடுவிலும் நண்டு கூடுகிறது. போதும் என்று இலையை மறைத்தேன். "என்னகா மிஸ், கோழி கொத்தின மாதிரித் தின்றீங்க? கையை எடுங்க பாப்பம்" என்று இன்னொரு அகப்பை விட்டாள். நண்டு பிடித்து வந்தவர் அவளுடைய தம்பி நாகமணி. ஒல்லியான மனிதர். சாப்பிட்டு எழுந்து போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் படிப்பகத்தில் கவியரங்கம். தலைமை நுரைவேந்தன். தலைமைக் கவிதை முடிய வெயில் சுவரின் பாதிக்கு இறங்கிவிட்டது. ஒவ்வொரு கவிஞரும் முதல் பத்து வரியில் தலைவரைப் புகழ்ந்தார், கடைசிப் பத்து வரியில் என்னைப் புகழ்ந்தார், நடுவில் மிஞ்சிய இடத்தில் நிலவைப் பாடினார். எல்லாரும் நிலவு. ஊர் முழுக்கக் குண்டு விழுந்த சுவர், கணவனைத் தேடும் பெண்கள்; இவர்கள் என்னடாவென்றால் நிலவு என்கிறார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது. பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். "நிலத்தில இரிக்கிற எதை எழுதினாலும் ஆராச்சும் வந்து கேப்பாங்க மிஸ். ஆமியும் கேக்கும், இயக்கப் பெடியளும் கேப்பாங்க. நிலவை இன்னும் ஒருத்தரும் பிடிக்கல்ல" என்றார். அதற்கப்புறம் நானும் நிலவுக்குக் கை தட்டினேன்.

மாலையில் கூத்துப் பழக்கம் பார்க்கப் போனேன்; ஒத்திகைக்கு அங்கே அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம், மணிமார்ப ராசன் கதை. ஒரு காலத்தில் விடிய விடிய ஆடியதாம். இப்போது ஊரடங்கு, அதனால் பட்டப்பகலில் ஆடி வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் கூத்தாடும் வட்டக் களரியைச் சுற்றிப் பெட்ரோமாக்ஸ் எரிந்தது. இந்த வெயிலில் எதற்கு விளக்கு என்று கேட்டதற்கு, "விளக்கில்லாம கூத்தா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். ராணியாக நடித்தவர் மீன் வியாபாரி. மீசையை ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பேன் என்று சபதம் போல வைத்திருந்தார். மீசையோடு அவர் அழுத அழுகைக்குப் பெண்கள் சிரிக்கவில்லை, மூக்கைத்தான் துடைத்துக்கொண்டார்கள்.

ராசா வேடம் தங்கராசாவுக்கு. எருமை மேய்ப்பவர், தேக்குத் தூண் மாதிரி ஆள். மூங்கில் வளையம் கட்டிய உடுப்பு, தலையில் முடி என்கிற கிரீடம், இரண்டு தோளிலும் மரத்தில் செய்த புயக்கட்டு. அந்தப் பாரத்தோடு அவர் குதித்துச் சுழன்று ஆடியபோது, எங்கள் ஊர் மேடைகளில் மைக்கைக் கட்டிக்கொண்டு நிற்கும் ராஜாக்களை நினைத்து வெட்கப்பட்டேன்.

கூத்துக்கு எல்லாம் அண்ணாவியார். ஆட்டம், பாட்டு, மத்தளம் மூன்றையும் பழக்குகிறவருக்கு அங்கே அந்தப் பட்டம். இவர் தனக்கு மேல் கடவுள் ஒருவர் இருப்பதைச் சற்று யோசித்துத்தான் ஒப்புக்கொள்வார். மத்தளத்தோடு நின்று அடியின் முதல் பாதியை எடுத்துக் கொடுப்பார். பின்னால் நிற்கும் பக்கப்பாட்டுக்காரர்கள் பிற்பாதியைப் பாடி முடிப்பார்கள். அங்கேதான் நாகமணியின் குரலை முதன்முதலாகக் கேட்டேன். கொஞ்சம் மூக்கால் வந்தாலும் கூட்டத்திலிருந்து தனியாகத் தெரிகிற குரல்.

வியாழக்கிழமை விடியும்போது ஊர் சுற்றிவளைக்கப்பட்டது. ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஆயுதப் பயிற்சி எடுத்தவன் உடம்பில் தழும்பு இருக்கும் என்று முழங்கை, முழங்கால், தோள் என்று பார்த்தார்கள். தங்கராசாவின் இரண்டு தோளிலும் கன்றிச் சிவந்த தடம் தடமான காயம். எங்கே சுமந்தாய், என்ன சுமந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். "ராசாவுக்குக் கட்டினது" என்று இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். எந்த ராசா, எந்தக் காட்டில் இருக்கிறான் என்பது அடுத்த கேள்வி. டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கலாமன்றம் கூடியது. அந்த மன்றம் அவ்வளவு சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்து நான் கேள்விப்பட்டதில்லை. ராசா இல்லாமல் கூத்தா? முகாமுக்குப் போய், காயம் புயக்கட்டால் வந்ததுதான் என்று காட்டி மீட்டு வருவது. வெள்ளிக்கிழமை காலை டிராக்டர் பெட்டியில் முடி, புயக்கட்டு, உடுப்பு, மத்தளம், அண்ணாவியார், கட்டியக்காரர், பக்கப்பாட்டுக்கு நாகமணி, நுரைவேந்தன், காட்சிப் பொருளாக நான். வழியில் என்னைத் துணைவேந்தர் ஆக்கிவிட்டார் நுரைவேந்தன். ஒரு விரிவுரையாளர் சொன்னால் அங்கே எடுபடாதாம்.

முகாம் அதிகாரி மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். நாற்காலி கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் மூலம் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, சினிமா நடிகர்களில் யார் வீடு என் வீட்டுக்குப் பக்கம் என்பது. ஒருவரும் இல்லை என்றதும் துணைவேந்தர் மேல் இருந்த மரியாதை குறைந்துவிட்டது. தங்கராசாவைக் கூட்டிவந்தார்கள். புயக்கட்டைத் தோளில் வைத்துப் பார்த்தார்கள். தடத்தில் சரியாக உட்கார்ந்தது. அதிகாரிக்கு அது போதவில்லை. "இவன் ராஜா என்றால் ஆடிக் காட்டட்டும்" என்றார்.

தங்கராசா அசையவில்லை. "கட்டியம் சொல்லாம ராசா எப்பிடி ஐயா களரிக்கு வாற?" என்றார்.

அடிபட்டு உதடு வீங்கி நிற்கிற மனிதருக்கு முறை கேட்கிறது! ஆனால் அண்ணாவியாரும் தலையாட்டினார். கட்டியக்காரர் முன்னால் வந்து, சுற்றி நின்ற துப்பாக்கிக்காரர்களைப் பார்த்து, ராசா வருகிறார், எல்லோரும் ஒழுங்காக ஒதுங்கி நில்லுங்கள் என்று கட்டியம் கூறினார். சிப்பாய் அதை மொழிபெயர்க்காமல் விட்டது அவன் செய்த புண்ணியம். மத்தளம் எழுந்தது. அண்ணாவியார் எடுத்தார், "மணிமுடி மின்னவே, மார்பணி துன்னவே..." நாகமணி முடித்தார், "மன்னவன் கொலுவிலே வந்தானே!" தங்கராசா வந்தார். முகாம் முற்றத்துச் சுடுமணலில் அவர் ஆடிய ஆட்டத்தில் சமையல்கார சிப்பாய்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். அதிகாரி கை தட்டினார். ராசா விடுதலை.

அதோடு கிளம்பியிருக்க வேண்டும். அதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொருவரையும் காட்டி, நீ என்ன, நீ என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தார். அண்ணாவியார் மத்தளம் என்று சொல்லிக் காய்த்துப்போன உள்ளங்கையைக் காட்டினார். கட்டியக்காரர் இன்னொரு தரம் கட்டியம் சொன்னார். நாகமணியிடம் வந்தது. பக்கப்பாட்டு என்றதும் சிப்பாய் திணறி, பக்கத்தில் நின்று பாடுகிறவன் என்று சொன்னான்.

"பாடட்டும். தனியாக" என்றார் அதிகாரி.

நாகமணி கையைக் கட்டி நின்றார். வாயைச் சற்றுத் திறந்தார். காத்துக்கொண்டிருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணாவியார் மெதுவாக முதல் பாதியை எடுக்கப் போனார். அதிகாரி விரலை உயர்த்தினார். ஏதாவது பாடு, எதையாவது பாடித் தொலை என்று நுரைவேந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நாகமணி பாவமாகத் திரும்பி, "நீங்க எடுங்க அண்ணாவியார். எடுத்தாத்தானே நான் முடிக்கிற" என்றார்.

தோளில் தழும்பில்லை, கையில் காய்ப்பில்லை, பாடகன் என்கிறான், பாட்டு வரவில்லை. அப்படியானால் இந்தக் கூட்டத்தோடு எதற்காக வந்தான்? அதிகாரிக்கு அவர் பக்கத்து நியாயம். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லி, பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் கொடுத்து எங்களை அனுப்பிவிட்டார். நாங்களும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஊர் எல்லையில் தங்கராசாவுக்கு மாலை. பெண்கள் குரவை போட்டார்கள். பூரணம் மட்டும் டிராக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி எங்க?" என்றாள். "விசாரிச்சிட்டு விடுவாங்க" என்றார் நுரைவேந்தன். அந்தக் குரலில் நிலவைப் பாடிய மிடுக்கு இல்லை.

சனிக்கிழமை மன்றம் மறுபடியும் கூடியது. அரங்கேற்றத்தைத் தள்ளிப்போடுவதா என்பது கேள்வி. காப்புக் கட்டியாயிற்று, தள்ளினால் ஊருக்கு ஆகாது என்றார் ஒருவர். அழைப்புப் போய்விட்டது என்றார் இன்னொருவர். "பக்கப்பாட்டுக்கு ஆளா இல்ல? என்ட மருமகன் நிப்பான்" என்றார் ராணி வேடக்காரர். சொந்த மைத்துனர் விஷயம் என்பதால் நடுநிலை தவறக்கூடாது என்று நுரைவேந்தன் பேசாமல் இருந்தார். இந்த நடுநிலையை நான் எங்கள் கல்லூரியிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். யாருக்காவது கெடுதல் நடக்கும்போதுதான் அது வரும்.

பூரணம் அகப்பையோடு உள்ளே வந்தாள். ஆண்கள் கூடும் இடத்துக்கு அவள் வந்ததே இல்லையாம்.

"ராசா மாட்டுப்பட்டா ஊரே வெளிக்கிட்டுப் போகும். என்ட தம்பி மாட்டுப்பட்டா ஆள் மாத்துவீங்க, என்ன? அவன் தனியப் பாடி நான் பிறந்ததுக்குக் கேட்டதில்ல. ஏன் தெரியுமா? உங்களுக்குப் பின்னால நிண்டு முடிச்சுக் குடுத்தே அவனுக்குத் தொடங்கத் தெரியாமப் போயிற்று. அது உங்கட வேலைக்கு நல்லா இரிந்தது. இப்ப அவன்ட உயிருக்கு உதவுதில்ல." பிறகு அண்ணாவியார் பக்கம் திரும்பி, "நீங்க எடுக்காம அவன் பாடமாட்டான். போய் எடுத்துக் குடுங்க" என்றாள்.

எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது. அண்ணாவியார் எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார். "விடியப் போவம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம் நடக்கவேண்டிய காலையில் நாங்கள் நாலு பேர் முகாம் வாசலில் நின்றோம். அண்ணாவியார், பூரணம், நுரைவேந்தன், நான். எதிரே வாகை மரத்தடியில் கொஞ்சம் பெண்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கிரான் பக்கம், சிலர் வாழைச்சேனை. பிடிபட்ட மகன்களையும் கணவன்மாரையும் தேடி ஒவ்வொரு முகாமாகப் போகிறவர்கள். உங்கள் ஆட்களைப் பார்க்க விட்டார்களா என்று பூரணம் கேட்டாள்.

"இஞ்ச ஒருத்தரும் இல்லயாம் புள்ள" என்றாள் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். "போன மாசமும் இல்லயாம், இப்பவும் இல்லயாம். எங்க போற? சும்மா வந்து இரிக்கம்."

தமிழ் தெரிந்த சிப்பாய் வந்தான். அண்ணாவியார் அவனிடம் கெஞ்சவில்லை, களரியில் சொல்வது போலச் சொன்னார்: "அவன் பாட்டுக்காரன்தான். நான் இதில நிண்டு எடுக்கிறன். அவன் உள்ளுக்கு இரிந்து முடிப்பான். முடிச்சா விடுங்க." சிப்பாய் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அதிகாரி காலைச் சாப்பாட்டில் இருந்தாராம். சிரிப்பு மாறாமல் திரும்பி வந்தான்.

"பெரியவர் சரி சொல்லிட்டார். பாடுங்க. உள்ள அவன் ஒராள்தான், வேற ஆள் ஒண்டும் இல்ல. பாடினா நல்லாக் கேக்கும்."

மத்தளம் இல்லை. அண்ணாவியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, முள்ளுக்கம்பிக்கு நேரே நின்று, உச்சத்தில் எடுத்தார். "மணிமுடி மின்னவே, மார்பணி துன்னவே..."

ஒன்றும் வரவில்லை. பூரணம் என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

பிறகு வந்தது. "மன்னவன் கொலுவிலே வந்தானே!"

முன்னால் கேட்ட மூக்குக் குரல் நாகமணியுடையது. அது எனக்கே தெரிந்தது. ஆனால் அது தனியாக வரவில்லை. கூட ஒரு கட்டைக் குரல், ஒரு கரகரத்த குரல், இன்னும் முழுதாக உடையாத ஓர் இளம் குரல், அவற்றுக்குப் பின்னால் எண்ணிப் பிரிக்க முடியாதபடி இன்னும் குரல்கள். தகரக் கொட்டகைகளுக்குப் பின்னாலிருந்து, தரைக்குக் கீழே இருந்து வருவது போலவும் சில. மணிமார்ப ராசன் கதையை ஆடாத ஊர் வாவியைச் சுற்றி இல்லை. ஒருவர் எடுத்தால் முடித்துக் கொடுக்க அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சிப்பாயின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. நாகமணியை அன்று மத்தியானம் விட்டுவிட்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் அவருடைய அக்கா உட்பட நாங்கள் யாரும் அவரை நினைக்கவில்லை. வாகை மரத்தடியில் பொட்டலங்கள் கிடந்தன; பெண்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. எல்லோரும் கம்பி ஓரத்தில் நின்றார்கள். பச்சைச் சேலைக்காரி அண்ணாவியாரின் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"நிப்பாட்டாதீங்க. இன்னொருக்கா எடுங்க. அந்த சின்னச் சத்தம் என்ட மகன்தானா எண்டு கேக்கணும்."

அண்ணாவியார் அதே அடியைத் திரும்ப எடுத்தார்.